தாய்வழியில் வீடு யாருடையது?

பப்புவா நியூகினியின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள ட்ரோப்ரியண்ட் தீவுகளில் வள்ளிக்கிழங்கு அறுவடை முடிந்ததும், ஆண்கள் நல்ல கிழங்குகளாகப் பொறுக்கித் தோட்டத்திலேயே கூம்பாக அடுக்கி வைப்பார்கள். ஊரார் வந்து பார்த்து, அளவையும் தரத்தையும் பேசிவிட்டுப் போவார்கள். பிறகு அந்தக் குவியல் சுமைகளாகக் கட்டப்பட்டு, விளைவித்தவனின் அக்காவோ தங்கையோ வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் போகும். மைத்துனன் வீட்டு முன்னால் மறுபடி கூம்பாக அடுக்கி, அவனுடைய களஞ்சியத்தை நிரப்புவார்கள். விளைவித்தவனின் களஞ்சியத்தை நிரப்ப வேண்டியவன், அவன் மனைவியின் உடன்பிறந்தான்.

1915க்கும் 1918க்கும் இடையில் இரண்டு தடவை அங்கே போய்த் தங்கிய மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி இதற்கான காரணத்தை விரிவாக எழுதினார். அங்கே பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். நிலமும் பட்டமும் தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு வரும். ஆகவே உடன்பிறந்தாளுக்குக் கிழங்கு சுமக்கிறவன் தன் குலத்துப் பிள்ளைகளுக்கே சோறிடுகிறான். தகப்பன் கொஞ்சி விளையாடுகிறவன்; கண்டித்து வளர்க்கும் பொறுப்பு மாமனுடையது. தகப்பன்–மகன் பகையை மனித குலம் முழுமைக்கும் பொதுவாக்கிய ஃப்ராய்டை 1927இல் மாலினோவ்ஸ்கி மறுத்தபோது, அவருக்குக் கைகொடுத்தது இந்த மாமன்தான்.

அவருடைய பார்வையில் பெரிய பகுதி ஒன்று விடுபட்டுப்போயிருந்தது. 1970களில் அதே தீவுக்குப் போன அன்னெட் வீனர், பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து வாழையிலையைச் சுரண்டி, உலர்த்தி, கட்டுக்கட்டாகச் சேர்த்து வைப்பதைக் கவனித்தார். குலத்தில் ஒரு சாவு விழுந்தால், அந்தக் குலத்துப் பெண்கள் இந்தக் கட்டுகளையும் நார்ப்பாவாடைகளையும் ஊர் நடுவே மலையாகக் குவித்துப் பங்கிடுவார்கள். மனைவிக்குப் போதுமான கட்டுகள் சேர, கணவன் தன் கைப்பொருளைச் செலவழித்தாக வேண்டும். மைத்துனன் ஆண்டுதோறும் சுமந்து வந்த கிழங்குக்கு இதுவே அவன் செய்யும் பதில். குலத்தின் மானம் பெண்கள் நடத்தும் இந்தப் பங்கீட்டில் இருக்கிறது என்று வீனர் 1976இல் வெளிவந்த நூலில் காட்டினார். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த நூல்களில் அது ஒன்று. அறுபது ஆண்டு இடைவெளியில் ஒரே தீவு இரண்டு தீவுகளாகத் தெரிந்ததற்குக் காரணம், யாருடைய வேலை கவனிக்கப்பட்டது என்பதுதான்.

தாய்வழி மரபு என்றதும் பெண்ணாட்சி என்று எண்ணுவது பழைய வழக்கம். 1861இல் பாகோஃபென் அப்படித்தான் எழுதினார். மார்கனும் 1884இல் ஏங்கெல்சும் மனித குலம் முழுவதுமே தாய்வழிக் கட்டம் ஒன்றைக் கடந்து வந்ததாகக் கொண்டார்கள். நம் மேடைகளில் இன்னமும் இது நிலைநாட்டப்பட்ட உண்மைபோலச் சொல்லப்படுகிறது. கள ஆய்வுகள் பெருகியபின், எல்லோரும் ஏறிவந்த ஒரே படிக்கட்டு என்ற அந்த எண்ணத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். ஆட்ரி ரிச்சர்ட்ஸ் 1950இல் அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்றைக் கேட்டார். பிள்ளைகள் தாயின் குலத்தவர், அவர்கள்மேல் அதிகாரம் மாமனுக்கு. ஆனால் கூடவே ஒரு கணவனும் இருக்கிறானே, அவனை எங்கே வைப்பது? மத்திய ஆப்பிரிக்காவிலேயே பல விதமான விடைகளை அவர் கண்டார். பெம்பா மக்களிடையே இளம் கணவன் முதலில் மாமனார் ஊரில் சில ஆண்டுகள் உழைக்க வேண்டும். பிறகுதான் மனைவியைத் தன் ஊருக்கு அழைத்துப் போகும் பேச்சு எழும்.

மத்திய கேரளத்து நாயர்களின் விடை வேறு. கணவனைப் பகலில் வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலான வழக்கத்தை கேத்லீன் கஃப் மீட்டெழுதியிருக்கிறார். பெண் பூப்படையும் முன்பே தாலிகட்டுக் கல்யாணம் நடக்கும். தாலி கட்டியவனுக்கு அதற்குப் பிறகு அவளிடம் உரிமை எதுவும் கிடையாது. அவன் இறந்தால் அவளும் அவள் பிள்ளைகளும் தீட்டுக் காப்பார்கள், அவ்வளவே. வளர்ந்தபின் அவள் சம்பந்தம் வைத்துக்கொள்ளும் ஆண்கள் இரவு வந்து காலையில் போய்விடுவார்கள். அவள் பிள்ளை பெற்றால், தகுதியான சாதியில் பிறந்த ஒருவன் பேறுகாலச் செலவையும் துணியையும் கொடுத்துத் தன் பொறுப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவரும் முன்வராவிட்டால் அவள் சாதியைவிட்டே விலக்கப்படுவாள். வரைமுறையற்ற வாழ்க்கை என்று வெளியார் எழுதிவைத்த இடத்தில் எத்தனை கறாரான விதிகள்! இதுவும் திருமணமே, பிள்ளைக்குப் பிறப்புத் தகுதியைத் தருவதே திருமணத்தின் வேலை என்று கஃப் 1959இல் வாதிட்டார். அந்த வாதம் முழுதும் எனக்கு உடன்பாடில்லை. விலக்கப்படுவோம் என்ற அச்சத்தைச் சுமந்தவள் பெண் மட்டுமே என்பதற்கு அவர் இன்னும் கனம் கொடுத்திருக்க வேண்டும்.

ஆனாலும் தறவாடு என்னும் தாய்வழிக் கூட்டுக்குடும்ப வீட்டில் பிறந்த பெண், சாகும்வரை அந்தத் தறவாட்டிலேயே இருந்தாள். அவளைப் போகச் சொல்லும் உரிமை எந்தக் கணவனுக்கும் இல்லை. சொத்தை நிர்வகித்த காரணவர் அவளுடைய அண்ணனோ மாமனோதான். பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் காரணவரின் அதிகாரத்தை இறுக்கி, இடத்துக்கு இடம் மாறிய வழக்கங்களை ஒரே சட்டமாக்கின. பூசல் பெருகியது. 1896இல் மலபார் திருமணச் சட்டம், 1933இல் சென்னை மாகாணத்து மருமக்கத்தாயச் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்து, 1976 டிசம்பரில் கேரளத்தில் கூட்டுக்குடும்பச் சொத்து முறையே ஒழிந்தது. தங்களுக்கென்று பங்கு கேட்டுப் போராடிய இளைஞர்களின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் தறவாடு பங்காகப் பிரிந்தபோது பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு பங்கு. போனது, யாரையும் கேட்காமல் வாழ்ந்த வீடு.

இதை மலபாருக்குத் தெற்கே நாஞ்சில் நாட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தமிழ் பேசும் வெள்ளாளர்களும் மருமக்கள் வழியையே பின்பற்றினார்கள். சொத்து மருமகனுக்கு என்ற விதி அதேதான். ஆனால் மனைவி கணவன் வீட்டுக்கு வந்து வாழ்ந்தாள். அவன் கண்ணை மூடியதும் வீடும் வயலும் அவனுடைய உடன்பிறந்தாளின் மகனுக்குப் போயின. உகந்துடைமை என்று ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு அவளும் பிள்ளைகளும் வெளியேற வேண்டும், அதற்கும் வழக்காட வேண்டும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் மருமக்கள்வழி மான்மியம் என்ற கவிதை நூலை ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியின் வாயால் சொல்லவைத்தது தற்செயலல்ல. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் வெள்ளாளர் சட்டத்தைக் கொண்டுவந்து இந்த முறைக்கு முடிவுகட்டியபோது பெண்கள் அடைந்தது விடுதலை. ஒரே வம்சாவளி விதி ஒரு பெண்ணைக் காத்தது, சற்றுத் தெற்கே இருந்த இன்னொருத்தியைத் தெருவில் நிறுத்தியது. இருவருக்கும் இடையிலான வேறுபாடு, அவர்கள் குடியிருந்த வீடு. தாய்வழியா தந்தைவழியா என்று கேட்பதற்கு முன், பெண் யார் வீட்டில் வாழ்கிறாள் என்று கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை.

இதே கேள்வியை மற்ற தாய்வழிச் சமூகங்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். மேகாலயத்துக் காசி மக்களிடம் குலவீடு கடைசி மகளுக்கு. பெற்றோரைப் பேணும் கடமையும் அவளுக்கே. சீனத்தின் லூகு ஏரிக்கரையில் வாழும் மோசுவோ மக்களிடம் நாயர்களைப் போலவே ஆண் இரவில் மட்டும் வந்துபோவான். கலாசாரப் புரட்சியின்போது அரசு வற்புறுத்தித் திருமணம் செய்துவைத்தும் அந்த வழக்கம் முற்றாக அழியவில்லை.

மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் இன்றுள்ள தாய்வழிச் சமூகங்களில் மிகப் பெரியவர்கள், அழுத்தமான இஸ்லாமியர்களும்கூட. மதம் மாறினால் தாய்வழி அழியும் என்று எழுதியவர்களுக்கு அவர்கள் வாழும் மறுப்பு. பூர்விக நிலமும் பெரிய வீடும் தாயிடமிருந்து மகளுக்கு. ஒருவன் தானே சம்பாதித்தது இஸ்லாமியச் சட்டப்படி அவன் பிள்ளைகளுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பழைய நாளில் வயதுவந்த பையன்கள் தாய்வீட்டில் படுப்பதில்லை, தொழுகைக் கூடத்தில் உறங்குவார்கள். பிறகு பிழைப்புத் தேடி ஊர்விட்டுப் போவார்கள். மேற்குச் சுமத்ராவின் பாடாங் நகரத்துப் பெயரில் இந்தோனேசியா முழுக்கப் பரவியிருக்கும் சாப்பாட்டுக் கடைகள் அந்தப் பயணத்தின் விளைவு. மலாயாவின் நெகிரி செம்பிலானில் குடியேறிய மினாங்கபாவ் வழியினரின் குலநிலத்தை, 1909ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் பெயரில் பதிவேட்டில் ஏற்றியது. குலத்துப் பெண்களுக்கு அல்லாமல் வெளியே போகாதபடி தடையும் வைத்தது. மலபாரில் நீதிமன்றம் காரணவரைப் பலப்படுத்தியது. இங்கே பதிவேடு பெண்ணைப் பலப்படுத்தியது. இரண்டையும் செய்தது பிரிட்டிஷ் ஆட்சிதான்.

இலங்கையின் கிழக்குக் கரைக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு அப்பால்வரை தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிகளாகப் பகுக்கப்பட்டவர்கள். பிள்ளை தாயின் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் கூடாது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயரும் குடிவழி வந்தவர்கள். 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே, வீடு கைமாறும் விதத்தை விவரித்திருக்கிறார். மூத்த மகளுக்குக் கல்யாணமானதும் குடியிருந்த வீடே அவளுக்குச் சீதனம். மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். பெற்றோர் இளைய பெண்களோடு பக்கத்து வளவில் புது வீடு கட்டிப் போவார்கள். அடுத்தவளின் கல்யாணத்தில் அதுவும் சீதனமாகும். இப்படி ஒரே வளவைச் சுற்றி அக்கா தங்கையர் வாழ்வார்கள். சீதனத்தின் சுமை அங்கும் உண்டு. வீடு கட்ட முடியாமல் தவிக்கும் தகப்பன்மாரும் அண்ணன்மாரும் நிறையவே இருக்கிறார்கள். இருந்தும் புகுந்த வீடு என்ற அச்சம் அந்தப் பெண்களுக்கு இல்லை.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தக் கரையின் வீடுகளைக் கொண்டுபோனது. புதிய வீடுகளும் காணிகளும் வழங்கப்பட்டபோது, படிவங்கள் 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டன. பல இடங்களில் கணவனின் பெயர் ஏறியது. தாயும் பாட்டியும் ஆண்டுவந்த வளவு, ஒரு கையெழுத்தில் வேறு கைக்குப் போனது. அரசுக் காணிகளுக்கான 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாரிசு வரிசையில் மகன்களை மகள்களுக்கு முன்னால் வைத்திருந்தது. அது 2022இல்தான் திருத்தப்பட்டது. திருத்தம் பழைய உறுதிகளைத் தானாக மாற்றிவிடாது. கிழக்கில் காணிக் கச்சேரிகளிலும் வீட்டுத் திட்டங்களிலும் வேலை செய்கிறவர்கள், அந்த மண்ணின் வழக்கப்படி வீடு யாருக்கு உரியதோ அவள் பெயரையே உறுதியில் எழுத வேண்டும். அங்குள்ள மாணவர்கள் தங்கள் தாய்மாரின் சீதன உறுதிகளைத் தேடி எடுத்து, வீடு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்று தலைமுறைவாரியாகக் குறித்துவைக்க வேண்டும். கடதாசிகள் கைவசம் இருக்கும்போதே அதைத் தொடங்குங்கள்.