துல்லியமும் உண்மையும்

ஈழத்து விமர்சனம் யதார்த்தவாதத்தையும் இயற்பண்புவாதத்தையும் வேறுபடுத்திப் பேசிப் பழகியது. கண்டதையெல்லாம் கண்டபடி அடுக்குவது இயற்பண்புவாதம். கண்டவற்றுள் எது முக்கியம் எனத் தெரிந்து சொல்வது யதார்த்தவாதம். சிறுகதைக்கும் நாவலுக்கும் பயன்பட்ட இந்த அளவுகோலை வீடியோ கேம்களுக்கும் பிரயோகிக்கலாம் என்பது என் எண்ணம். எமது பிள்ளைகள் பலர் கதையை முதலில் சந்திப்பது இன்று அங்கேதான்.

புகைப்படம் போலவே காட்டவேண்டும் என்பது இத்துறையின் பெரிய நிறுவனங்களது இலட்சியம். 2009இல் வெளிவந்த 'கால் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயார் 2' இதற்கு நல்ல உதாரணம். சுவரின் வெடிப்பும் புழுதியும் அச்சொட்டாக இருந்தன. ஆனால், அதில் வரும் கராச்சியின் பெயர்ப்பலகைகளில் உருது இருக்கவேண்டிய இடத்தில் அரபு இருந்தது. அதே விளையாட்டின் பிரேசில் சேரிக் களத்தில், குளியலறையில் தொங்கிய படச்சட்டத்தில் அழகைப் பற்றிய நபிமொழி பொறிக்கப்பட்டிருந்தது. முஸ்லிம் ஆட்டக்காரர்கள் முறையிட்டபின் 2012இல் அக்களத்தை நிறுவனம் அகற்றியது. 2021இல் அதே வரிசையில் வந்த 'வான்கார்ட்'டில் குர்ஆன் பக்கங்கள் தரையில் கிடந்தன. அதற்கும் மன்னிப்புக் கோரப்பட்டது. இவற்றைத் தீய நோக்கம் என்று நான் கூறமாட்டேன். எழுத்தின் வளைவைப் பிரதிசெய்தவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு செங்கல்லையும் பார்த்தவர்கள் அங்கு வாழும் மனிதரின் மொழியைப் பார்க்கவில்லை.

மறுபுறத்தில், உருவத்தைப் பிரதிபண்ணாது கோட்டையும் வடிவத்தையும் கொண்டே அழகைத் தேடிய மரபு எம்முடையது. ஸ்பெயினின் அல்ஹம்ரா மாளிகையின் சுவர்க் கோலங்களை 1922இலும் 1936இலும் நேரிற் கண்டு கற்றவர் டச்சு ஓவியர் எஷர். எஷரிடமிருந்து கற்றது 2014இல் வந்த 'மொனுமென்ட் வெலி'. சில நிறங்கள், சில படிக்கட்டுகள், வெள்ளுடைச் சிறுமி ஒருத்தி. கைத்தொலைபேசித் திரைக்கு அவ்வளவே போதுமாயிற்று.

எளிமை மனித வாழ்வையும் சொல்லுமா? 2023இல் டொரொன்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' அதற்குப் பதில். 1988இல் கனடாவில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை இது. தட்டையான நிறங்களும் தெளிந்த கோடுகளுமே அதன் மூலதனம். அம்மாவின் சமையற் குறிப்பில் சில வரிகள் அழிந்துள்ளன. இட்டலித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலேறும் என்று ஆடுபவரே யோசிக்கவேண்டும். புலம்பெயர்ந்தோர் இழந்ததென்ன என்பதை அந்த அழிந்த வரிகளே சொல்லிவிடுகின்றன. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது. குறையும் உண்டு. ஓரிரு மணித்தியாலத்தில் கதை முடிந்துவிடுவதால் மகனின் மனமாற்றம் அவசரமாக நிகழ்கிறது. அவ்விடத்தில் சிக்கனம் பஞ்சமாகிவிடுகிறது. ஆகவே கோடு குறைந்தால் மட்டும் உண்மை வந்துவிடாது. எதை விடுகிறோம் என்று அறிந்து விடவேண்டும்.

ராகலையிலிருந்து எழுதும் எனக்கு இது வெறும் அழகியல் வாதமல்ல. மலையகத்தை மிகத் துல்லியமாகக் காட்டும் படங்களுக்குப் பஞ்சமில்லை. பனிமூட்டம், பச்சைச் சரிவு, கூடையுடன் புன்னகைக்கும் பெண் எல்லாம் தேயிலைப் பெட்டியிலேயே உண்டு. கொழுந்து நிறுக்கும் தராசை அப்படம் காட்டுவதில்லை. குறித்த கிலோ சேராவிட்டால் நாள் முழுதும் மலையில் நின்றவளுக்கு அரைப்பேர்தான் விழும் என்பதும் அதில் இல்லை.

நாளை எம் இளைஞர் ஒருவர் மலையகத்தை விளையாட்டாக்க முன்வந்தால், விலையுயர்ந்த கணினி இல்லையே என்று தயங்கத் தேவையில்லை. ஒரு சரிவு, ஒரு கூடை, ஒரு தராசு முள் ஆகிய மூன்றையும் கோடுகளால் வரைந்தாற் போதும். முள் எந்த எண்ணைத் தொடவேண்டும் என்பது மட்டும் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கவேண்டும்.