தேங்காய்ப்பால் விட்டுக்கொடுத்த இடம்

உடம்புக்கு ஆகாது என்று வைத்தியர் விலக்கிய பண்டத்தைச் சமையலிலிருந்து நீக்குவது எவருக்கும் எளிய காரியம். நீக்கிய பிறகும் அந்தப் பதார்த்தத்தை வீட்டார் விரும்பி உண்டு, இன்னும் ஒரு கரண்டி கேட்கும்படி செய்வதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும். அந்தச் சாமர்த்தியம் பினாங்குத் தீவிலே, அதிலும் ஜார்ஜ் டவுன் நகரத்துத் தமிழ் வீடுகளின் அடுக்களையிலே, யாதொரு ஆரவாரமுமின்றி ஒரு கலையாக வளர்ந்து வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

அதற்கான அவசியத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவு உண்டு என்று 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு கண்டது. அதற்கு முன்னரே, 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, சீனி மிகுந்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்துவிட்டது. ஒட்டுக்கடையிலே ‘தே ஓ கொசோங்’ என்று சீனியில்லாத தேநீர் கேட்பவரை இன்று யாரும் அனுதாபத்தோடு திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் சமைப்பது இந்த ஊருக்குப் புதிதுமன்று. 1941 டிசம்பரில் தீவு ஜப்பானியர் வசமான பின்பு, அரிசிக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்கைத் தின்றே காலந்தள்ளிய தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. ‘ஜப்பான்காரன் காலம்’ முடிந்து நெடுநாள் கழிந்தும் அந்தக் கிழங்கைக் கண்டால் முகம் சுளித்த கிழவர்கள் பலர். பஞ்சம் திணித்த மாற்று வயிற்றை நிரப்பியதேயன்றி நாவோடு உறவு கொள்ளவில்லை. நான் பாராட்ட எடுத்துக்கொண்டது, சந்தையில் சகலமும் கிடைக்கும் காலத்தில், வேண்டுமென்றே விவேகத்தோடு செய்துகொள்ளும் மாற்றை.

தேங்காய்ப்பாலையே எடுத்துக்கொள்வோம். மீன் கறியில் அது ஒரு வேலையா செய்கிறது? மசாலையின் வாசனையைத் தன் கொழுப்பிலே ஏந்தி நாவுக்குக் கொண்டுசேர்க்கிறது. மிளகாயின் உக்கிரத்தைத் தணிக்கிறது. குழம்புக்கு உடம்பு தருகிறது. புளிப்புக்கு அடியில் இலேசானதொரு இனிப்பையும் விரித்து வைக்கிறது. ஆகவே அதை விலக்கத் துணிந்தவர், நான்கு வேலை பார்த்த பழைய காரியஸ்தனை ஓய்வுக்கு அனுப்பிய முதலாளியைப் போல, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே ஆள் தேட வேண்டியவராகிறார். இதை அறியாமல் டின் பாலை ஊற்றி இறக்கிவிடுவோர் உண்டு. குழம்பு கெட்டிப்படும், ஆனால் மீனோடு பால்வாடை சேரும்போது அதை மெச்ச என் நா மறுக்கிறது. கோழிக் கறியானால் தயிர் தகும். அதையும் நன்றாகக் கடைந்து, ஒரு சிட்டிகை அரிசி மாவு கலந்து, குளிர்ச்சி போன பிறகு, தணலைக் குறைத்துக்கொண்டு சேர்த்தால்தான் திரியாமல் நிற்கும்.

மீனுக்கு நான் கண்ட சிறந்த வழி வேறு. கைப்பிடி சின்ன வெங்காயத்தையும் பழுத்த தக்காளியையும் பொன்னிறத்துக்குச் சற்று மேலேயே வதக்கி அரைத்துக்கொண்டு, தண்ணீரில் குழைத்த மீன் கறித்தூளோடு இரண்டு கரண்டி எண்ணெயில் மறுபடியும் வதக்குவார்கள். எண்ணெய் குறைவாதலால் அது ஓரத்தில் பிரிந்து மிதந்து பதம் சொல்லாது. பச்சை வாசனை அடங்குவதையும், சடசடவென்று தெறித்த கொப்புளங்கள் தடித்து, மெதுவாக எழுந்து உடைவதையும் கொண்டுதான் கைப்பழக்கமுள்ளவர் பதம் பார்ப்பார். பிறகு புளி கரைத்து ஊற்றி, முன்னரே குழைய வேகவைத்த கத்திரிக்காயின் சதையை மசித்து அதிலே கரைத்துவிட்டால், கெம்போங் மீன் துண்டுகள் விழும்போது குழம்பு நீர்த்து நிற்பதில்லை. வெங்காயம் இனிப்பைத் தருகிறது. கத்திரிக்காய் உடம்பைத் தருகிறது. மிளகாய் மட்டும் சற்று முரட்டுத்தனமாகவே இருக்கும். அதற்குத் தூளைக் குறைப்பதன்றி வேறு உபாயம் இல்லை.

தேங்காய்ப்பாலின்றி நிறைவு ஏது என்று சந்தேகிப்பவர், இந்தத் தீவின் பெருமையான ஆசாம் லக்சா என்னும் மீன்சாற்று நூடுல்ஸை நினைத்துக்கொள்ளலாம். சயாம் லக்சா தேங்காய்ப்பாலில் மிதக்க, இதுவோ ஒரு சொட்டுப் பாலையும் தொடாமல், அவித்து உதிர்த்த கெம்போங் மீனின் சதையையே சாற்றில் மறுபடியும் சேர்த்து, புளியின் கூர்மையாலும் புங்கா கந்தான் மொட்டின் நறுமணத்தாலும் ஒரு சம்பூர்ணத்தை அடைந்துவிடுகிறது. இறால் விழுதின் உப்பையும் இனிப்பையும் மறந்து அதைப் பத்திய உணவு என்று யாரும் கொண்டாட வேண்டாம். உடம்புள்ள சாற்றுக்குத் தேங்காய் இன்றியமையாததன்று என்பதற்கு மாத்திரம் அதைச் சாட்சியாக அழைத்தேன். நம்மவர் அடுக்களையிலே பருப்பைக் கரையவிட்டுச் செய்யும் தால்ச்சாவும் அதே சாட்சியத்தைச் சொல்லும்.

அடுப்புக் கறியைவிட ‘அவன்’ பணியாரம் கடினமானது. இடையில் ருசி பார்த்துத் திருத்த அங்கே அவகாசமில்லை. தீபாவளிக்கு முறுக்கோடு கேக்கும் பிஸ்கட்டும் தட்டில் இருந்தாக வேண்டும் என்பது இந்நாட்டுத் தமிழரின் சம்பிரதாயம். சீனியைப் பாதியாக்கி கேக் சுட்டவர்கள் கண்டது, இனிப்புக் குறைந்த கேக்கை அன்று. வெளிறி, வறண்டு, எழும்பாமல் போன ஒரு வில்லையை. வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றைச் சிறைப்பிடிப்பதும், ஈரத்தைக் காப்பதும், மேற்புறம் சிவக்க உதவுவதும் சீனியே. கால் பங்கு குறைத்தால் விருந்தினர் அறியார். அதற்கு மேல் குறைக்க வேண்டுமானால், தோல் கறுக்கத் தொடங்கிய பீசாங் மாஸ் வாழைப்பழங்களை மசித்துச் சேர்ப்பது உத்தமம். மாச்சத்தெல்லாம் சர்க்கரையாகிவிட்ட அந்தப் பழம் இனிப்பையும் ஈரத்தையும் ஏற்றுக்கொள்ளும். காற்றைப் பிடிக்க மட்டும் அதற்குச் சக்தியில்லாமையால், முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கலக்க வேண்டும். மைதாவில் மூன்றில் ஒரு பங்குக்கு ஆட்டா மாவைப் போடுவோர், அதன் தவிடு நீரை உறிஞ்சும்வரை கலவையைக் கால் மணி நேரம் சும்மா விடுவது நலம். சாதிக்காயையும் மறக்கலாகாது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி இத்தீவுக்குக் கொண்டுவந்த அந்த மரம் பாலிக் புலாவில் இன்றும் காய்க்கிறது. சௌராஸ்தா சந்தையில் அதன் சதையை ஊறவைத்து விற்கிறார்கள். அந்தக் கொட்டையைப் புதிதாகத் துருவி ஒரு சிட்டிகை போட்ட கேக்கில் சீனிக் குறைவு என் நாவுக்குத் தட்டுப்படுவதில்லை.

சீனிக்குப் பதில் குலா மெலாக்கா வெல்லத்தைப் போட்டுவிட்டு நோயை வென்றதாக மகிழ்வோரிடம் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் சர்க்கரையே. ஆனால் அதன் புகைமணம் அடர்த்தியானது. ஆகையால் இடியாப்பத்தின் மேல் கொஞ்சம் தூவினாலே போதுமென்று கை தானாக நின்றுவிடுகிறது.

நெய்யுருண்டைக்கு இவற்றில் ஒன்றும் செல்லாது. வறுத்த பாசிப்பயற்று மாவு உருண்டையாகச் சேர்ந்து நிற்பதே காய்ச்சிய நெய்யின் தயவால்; எண்ணெயோ பழமோ ஊற்றிப் பிடித்த உருண்டையை நான் ஒரு கடிக்கு மேல் தின்றதில்லை. எலுமிச்சை அளவில் பிடித்ததை நெல்லிக்காய் அளவில் பிடித்துத் தட்டில் வைக்கும் வீடுகள் இப்போது பெருகியிருக்கின்றன. நெய்யில் அவர்கள் கைவைப்பதில்லை.