வீட்டுக் கணிப்பொறியின் பூட்டும் சாவியும்: ஒரு திறனாய்வு

வீட்டுக் கணிப்பொறியில் ஏதேனும் கேடு நேர்ந்துவிட்டால், பழி பெரும்பாலும் அதைப் பயன்படுத்துபவர் தலையில்தான் விழுகிறது. கடவுச்சொல் வைக்காதது உங்கள் குற்றம், படிக்காமல் 'சரி' என்று அழுத்தியது உங்கள் குற்றம் என்று சொல்லிவிடுகிறார்கள். இது எவ்வளவு தூரம் நியாயம்? வீடுகளில் மிகுதியாகப் புழங்கிய விண்டோஸ் இயக்க முறைமையை எடுத்துக்கொண்டு, அதில் பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் அமைக்கப்பட்ட விதத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

எடைபோட ஒரு படிக்கல்

எதையும் எடைபோட ஒரு படிக்கல் வேண்டும் அல்லவா? அது 1979-லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் அவ்வாண்டில் யுனிக்ஸ் இயக்க முறைமையின் கடவுச்சொற்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 விழுக்காடு, எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவையாக இருந்தன. அவற்றுள் 15 சொற்கள் ஒரே ஓர் எழுத்தால் ஆனவை!

இதைக் கண்ட அவ்விருவரும் பயனர்களைத் திட்டிவிட்டு நிற்கவில்லை, அமைப்பையே திருத்தினார்கள். அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. அதுபோல, கடவுச்சொல்லைத் திரும்பப் பெற முடியாத வடிவமாக மாற்றிச் சேமித்தார்கள். அந்த மாற்றத்தை வேண்டுமென்றே மெதுவாக நடக்கச் செய்தார்கள். ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்ப்பவனுக்கு வேலை பன்மடங்காயிற்று. ஒவ்வொரு சொல்லோடும் வெவ்வேறு 'உப்பு' கலந்தார்கள். ஆகவே இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் சேமிப்பில் அவை வேறுவேறாகத் தோன்றும். மிகவும் குட்டையான சொல்லைக் கொடுத்தால், நீண்ட சொல்லைத் தருமாறு கணிப்பொறியே கேட்டது.

இதற்கும் முன்பிருந்தே யுனிக்ஸில் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு. அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு; கணிப்பொறியின் அமைப்பையே மாற்றும் வேலைக்குத் தனியாக ஒரு நிர்வாகிக் கணக்கு. சாதாரணக் கணக்கில் நுழைந்த தீங்கு, பொதுவாக அந்தக் கணக்கோடு நின்றுவிடும். இந்த இரு பாடங்களே நமது படிக்கற்கள்.

பெயரளவில் ஒரு வாசல்

1995-ல் வெளிவந்த விண்டோஸ் 95 கடவுச்சொல் கேட்டது. ஆனால் சாதாரண நிலையில், 'ரத்து' என்ற பொத்தானை அழுத்தினாலே உள்ளே போய்விடலாம். அந்தச் சொல் வலையமைப்பில் இணைவதற்கும், அவரவர் விருப்ப அமைப்புகளைப் பிரித்து வைப்பதற்குமே பயன்பட்டது. கோப்புகள் யாருடையவை, யார் திறக்கலாம் என்ற குறிப்பே அதன் வட்டு அமைப்பில் கிடையாது. பூட்டு இல்லாத கதவு குற்றமன்று. பூட்டியது போலத் தோன்றும்படி செய்ததுதான் குற்றம்.

வீட்டில் எல்லாரும் நிர்வாகி

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி உண்மையான கணக்குகளைக் கொண்டுவந்தது. இது பெரிய முன்னேற்றமே. ஆனால் நிறுவும்போது பெயர் கொடுத்த அனைவருக்கும் நிர்வாகி அதிகாரம் வழங்கப்பட்டது, கடவுச்சொல்லும் இல்லை. பத்து வயதுச் சிறுவன் விளையாட்டு ஒன்றை இயக்கினாலும், அந்த விளையாட்டுக்குக் கணிப்பொறி முழுவதையும் மாற்றும் உரிமை கிடைத்தது. வரம்புக்குட்பட்ட கணக்கை வைத்துக்கொண்டவர்களுக்கோ பல மென்பொருள்கள் ஒழுங்காக இயங்க மறுத்தன. ஏனெனில், எல்லாரும் நிர்வாகியே என்ற நினைப்பில்தான் அவற்றை எழுதியிருந்தார்கள்.

கடவுச்சொல்லைச் சேமித்த முறையிலும் ஒரு பழைய குறை தொடர்ந்தது. 14 எழுத்து வரையிலான சொல்லை முழுதும் பெரிய எழுத்தாக்கி, ஏழு ஏழாக இரண்டாக வெட்டித் தனித்தனியே மாற்றிச் சேமிக்கும் முறை அதில் இயல்பாகவே இயங்கியது. இதில் உப்பும் இல்லை. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 26 எழுத்துகளையும் 10 இலக்கங்களையும் கொண்டு ஏழு இடங்களை நிரப்ப, ஏறத்தாழ 7,836 கோடி வழிகள் உண்டு. 14 இடங்களையும் சேர்த்துத் தேடினால் 7,836 கோடியை 7,836 கோடியால் பெருக்க வேண்டும். இரண்டாக வெட்டிவிட்டாலோ பெருக்க வேண்டியதில்லை, கூட்டினால் போதும்! நீண்ட சொல்லாக வைத்துக்கொள் என்ற அறிவுரையைக் கேட்டு நடந்தவரையும் அமைப்பே கைவிட்டது. இம்முறை விஸ்டாவில்தான் இயல்பு நிலையில் நிறுத்தப்பட்டது.

கேள்வி மேல் கேள்வி

2007-ல் வீடுகளுக்கு வந்த விஸ்டா, அமைப்பை மாற்றும் ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் அனுமதி கேட்டது. மென்பொருள் எழுதுவோரை நல்வழிப்படுத்துவதும் இதன் நோக்கம். அது ஓரளவு நிறைவேறவும் செய்தது. ஆனால் வீட்டில் இருப்பவர் நிலை என்ன? நாளுக்குப் பலமுறை ஒரே கேள்வியைக் கேட்டால், மனிதர் படிப்பதை நிறுத்திவிட்டு 'ஆம்' என்பார். எச்சரிக்கை மணி ஓயாமல் அடித்தால் அது வெறும் இரைச்சலாகிவிடும். 2009-ல் வந்த விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்தது. குறை உணரப்பட்டது என்பதற்கு அதுவே சான்று.

சுவர் இல்லாத வீடு

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. நுழைவுக் கடவுச்சொல் என்பது கதவுப் பூட்டு மட்டுமே. வட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் மாட்டினால், உள்ளே உள்ள கோப்புகளைக் கடவுச்சொல் இன்றியே படித்துவிடலாம். இதைத் தடுப்பது மறையாக்கம். விஸ்டாவில் வட்டு முழுவதையும் மறையாக்கும் வசதி வந்தது. ஆனால் 'ஹோம்' என்று பெயர் தாங்கிய பதிப்புகளில் அது இல்லை. குடும்பப் புகைப்படங்களும் வங்கிக் கணக்குகளும் வைத்திருப்பவருக்குப் பூட்டைக் கொடுத்து, சுவரைக் கொடுக்க மறுத்தது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. பின்வந்த பதிப்புகளில், தகுந்த வன்பொருள் உள்ள வீட்டுக் கணிப்பொறிகளுக்கும் இவ்வசதி கிடைத்தது.

தீர்ப்பு

நடுநிலையாகச் சொன்னால், கணக்கைப் பிரித்துவிட்டால் எல்லாத் தீங்கும் தொலைந்துவிடும் என்பதும் உண்மையன்று. 2003-ல் பரவிய பிளாஸ்டர் புழு, இயக்க முறைமையின் உட்பகுதிக் குறை ஒன்றின் வழியே நுழைந்தது. யார் எந்தக் கணக்கில் இருந்தார் என்பதை அது பார்க்கவில்லை. பயனர்க்கும் பொறுப்பு உண்டு. ஆயினும் 1979-லேயே தெரிந்திருந்த பாடங்களை வீட்டுக்குக் கொண்டுவர முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, இடையில் நேர்ந்த கேடுகளுக்குப் பயனரைப் பழிப்பது முறையாகாது. எளிமை வேண்டும் என்பது நல்ல காரணமே. ஆனால் எளிய வழியே ஆபத்தான வழியாக அமைந்தால், குறை வழி போட்டவரிடத்தில்தான் இருக்கிறது.

இன்றைய விண்டோஸ் 11-லும் முதலில் உருவாகும் கணக்கு நிர்வாகிக் கணக்கே. எனவே வாசகர்கள் தாமே சிலவற்றைச் செய்துகொள்ள வேண்டும். நிர்வாகிக் கணக்கு ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு சாதாரணக் கணக்கை ஏற்படுத்துங்கள். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீண்ட கடவுச்சொல் அமையுங்கள். மாதாமாதம் மாற்றத் தேவையில்லை. காரணமின்றி மாற்றச் சொல்லும் விதியை அமெரிக்கத் தர நிறுவனமே 2017-ல் கைவிட்டுவிட்டது. மறந்துவிடும் என்ற அச்சம் இருந்தால், ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வையுங்கள். வட்டு மறையாக்கம் இருந்தால் இயக்கிவிட்டு, அதன் மீட்புக் குறியீட்டையும் அதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அது தொலைந்தால் உங்கள் கோப்புகளை நீங்களே திறக்க முடியாமற் போகும்.