பர்மா நடையும் நம் செவியும்

கண்பார்வை மங்கிய முதியோர்க்கு ஒலிநூல் செய்துவரும் உதவி பெரிது. அமராவதிபுதூரில், தொண்ணூறு வயதைக் கடந்த ஆச்சி ஒருவரின் வீட்டு முகப்பில் அமர்ந்து, சில மாலைகள் அவரோடு நாமும் ஒரு நூலைக் கேட்டோம். வெ. சாமிநாத சர்மா எழுதிய ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ அது. ஆச்சியின் தந்தையார் பர்மாவில் லேவாதேவி செய்தவர். நாம் சாய்ந்திருந்த தூணும் பர்மாத் தேக்கே.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. அடுத்து வந்த மாதங்களில் ஏறக்குறைய 5 லட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காத பெருங்கூட்டம் அரக்கான் மலைகளையும் மணிப்பூர் மலைகளையும் கால்நடையாகக் கடந்தது. பசிக்கும் காலராவுக்கும் வழியிலேயே பலியானோர் பல்லாயிரவர். இரங்கூனில் ‘ஜோதி’ இதழின் ஆசிரியராயிருந்த சர்மாவும் தம் துணைவியாருடன் அவ்வழியே நடந்தார். உலக நாடுகளின் வரலாறுகளைத் தமிழர்க்குத் தந்த அவர், தம் சொந்தத் துன்பத்தை எழுதும்போதும் நிதானம் இழக்கவில்லை.

நாம் கேட்ட ஒலிப்பதிவில் அந்த நிதானம் இல்லை. வாசித்தவரின் குரல் அடிக்கடி தழுதழுத்தது. சோகமான இடங்களில் பின்னணி இசையும் சேர்ந்துகொண்டது. ஆசிரியர் அடக்கிச் சொன்னதை வாசிப்பவர் அழுது சொன்னால், கேட்பவர்க்குச் சிந்திக்க என்ன மிஞ்சும்? எனினும் செவிவழிக் கல்விக்கு ஒரு சிறப்புண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. புத்தகத்தில் கொடிய பக்கங்கள் வரும்போது கண் விரைந்து தாவிவிடுகிறது. காதுக்கு அவ்வசதி இல்லை. சொல்லப்படும் வேகத்தில் முழுவதையும் தாங்கியாக வேண்டும்.

கடைசி நாள் ஒலிப்பதிவு முடிந்தபின் ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “நடந்து வந்தவுக கதையைக் கேட்டாச்சு அப்பு. எங்க அப்பச்சி பேரேட்டுல பர்மாக்காரவுக பேரா இருக்குமே, நெலத்தைக் கடனுக்குக் குடுத்தவுக, அவுக என்ன ஆனாக?”

இவ்வினா நம்மைச் சுட்டது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில், 1930-இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் சாகுபடிப் பரப்பில் 6 விழுக்காடு. 1938-இலோ அது 25 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப இயலாத உழவர் ஈடு வைத்த நிலத்தை இழந்தனர். கடன் கொடுத்தவர்கள் விரும்பியது பணத்தைத்தான், நிலத்தையன்று என்பதும் உண்மையே. ஆங்கிலேய அரசின் சட்டமும் வரியும் இதில் பங்குடையன. ஆயினும் நிலம் போனவனுக்கு இவ்விளக்கங்கள் ஆறுதலாகா. 1930 டிசம்பரில் சயா சானின் கிளர்ச்சி மூண்டதற்கு வரிச்சுமையும் உழவரின் வறுமையும் காரணங்களாயின.

சர்மாவின் நூலில் இவையெல்லாம் இல்லையே என்று குறை கூறுதல் முறையன்று. அது ஒருவர் நடந்த வழியின் பதிவு. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய புதினங்களில் கடல் கடந்த வட்டிக்கடைகளின் உள்வாழ்வைக் காட்டினார். அங்கும் நாம் பெரிதும் கேட்பது கடைக்குள் இருந்தோரின் குரலையே. கடன் பெற்றவனின் குரல் வாசலுக்கு வெளியே நிற்கிறது.

அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை, முன்பு அடிமைகளாயிருந்த 2,300-க்கும் மேற்பட்டோரின் வாய்மொழிகள் அரசுத் திட்டமொன்றின்கீழ்த் திரட்டப்பட்டன. கேட்டு எழுதியோரில் பெரும்பாலோர் வெள்ளையர். அவர்கள் முன் முதியோர் எல்லாவற்றையும் மனந்திறந்து சொல்லியிருப்பர் எனக் கொள்வதற்கில்லை. ஆயினும் இன்று அவ்வாய்மொழிகளைக் கேட்கும் ஒருவர், தம் பாட்டனாரின் பண்ணையில் உழைத்தவரின் சொல்லையே கேட்க நேரலாம். அவ்வாறு கேட்பதற்கு இரக்கம் மட்டும் போதாது. மனச்சான்றும் விழித்திருக்க வேண்டும். நம் துயரக் கதைக்குக் கண்ணீர் விடுவது எளிது. நம் வீட்டுத் தூணின் கதையைக் கேட்பது அரிது.

எனவே, பர்மா நடையை ஒலிநூலாக்குவோர்க்கு நம் வேண்டுகோள் இது: பின்னணி இசையை விலக்குங்கள்; நடையின் கதையோடு, நடைக்கு முந்தைய 10 ஆண்டுகளின் கதையையும் சேர்த்து வழங்குங்கள். பழைய வீடுகளில் எஞ்சியுள்ள பேரேடுகளும் கடிதங்களும் அதற்கு உதவும்.

ஆச்சியின் வீட்டுப் பேரேடு மேல்மாடியில் இருக்கிறதாம். அடுத்த முறை வரும்போது அதை எடுத்து வந்து, அதிலுள்ள பெயர்களைத் தமக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். நாமும் இசைந்திருக்கிறோம்.