பாரத மொழிபெயர்ப்பும் கூற்றுரைக்கும் வினையும்

வடமொழி மகாபாரதத்தில் ஒருவர் கூற்றுத் தொடங்குமிடத்து, 'வைசம்பாயன உவாச', 'அர்ச்சுன உவாச' என்றாற்போலுந் தொடர்கள் செய்யுளளவிற்குப் புறம்பாக நிற்கும். 'உவாச' என்னும் அவ்வினை இறைவற்கும் அரசற்கும் முனிவற்கும் ஒன்றேயாம். கிசாரி மோகன் கங்கூலி 1883 முதல் 1896 வரை வெளியிட்ட ஆங்கில உரைநடை மொழிபெயர்ப்பில் இம்முறை பெரிதுங் காக்கப்பட்டுளது. ஆங்கிலத்தும் அவ்வினை யாவர்க்கும் பொதுவாதலின் இடர்ப்பாடு நேர்ந்திலது.

தமிழிலோ அங்ஙனமன்று. இறைவர் அருளிச்செய்வர், அரசர் பணிப்பர், அடியார் விண்ணப்பிப்பர். ஆகலின், வினையைத் தேர்ந்த அளவிலேயே மொழிபெயர்ப்பாளர் பேசுவோர் இன்னாரென்பதை வெளிப்படுத்திவிடுகின்றனர்.

வனபருவத்துக் கிராத சரிதையை நோக்குக. பன்றியுருக் கொண்ட மூகன்மீது இருவர் அம்பும் தைத்தபின், வேட்டுவக் கோலத்துப் பெருமான் பார்த்தனோடு வழக்காடுகின்றார். அவ்விடத்து 'அருளிச்செய்தார்' என்றல் அன்பின் பெருக்கேயாயினும் பொருந்துவதன்று. கதை கேட்குஞ் சனமேசயன் வேடர் இன்னாரென முன்னரே அறிந்தான், பார்த்தன் அறிந்திலன். பார்த்தன் செவிப்பட்டது வேடர் சொல்லே.

மறைத்தலும் அருளலும் ஐந்தொழிலுள் அடங்குவன. மறைத்தலும் அருளேயென்பது சித்தாந்தத் துணிபு. பெருமான் தாமே மேற்கொண்ட மறைப்பை மொழிபெயர்ப்பாளர் இடையே நீக்குதல் முறையாகாது. வழிபாட்டுணர்ச்சியைக் காட்டுதற்குக் கதைகூறுவோன் தன் உரையில் இடம் உண்டு. ஆகவே, வழக்காடுமிடத்து 'வேடர் கூறினார்' எனவும், திருவுருக் காட்டியபின் 'பகவான் உவாச' எனத் தலைப்பு நிற்குமிடத்துப் 'பெருமான் அருளிச்செய்தார்' எனவும் வைத்தலே நேரிது. அவ்வொரு சொல்லின் மாற்றத்தால் பார்த்தன் பெற்ற பேறு இனிது விளங்கும்.