காகிதக் குவிமாடத்தின் கணக்கு

பழைய செய்தித்தாளை மூலைவாட்டில் இறுக்கி உருட்டிக் குழலாக்கி, அப்படி 65 குழல்களை முக்கோணம் முக்கோணமாகப் பிணைத்தால், நாலைந்து பிள்ளைகள் உள்ளே உட்காரக்கூடிய அரைக்கோளம் ஒன்று எழுந்துவிடும். ஜியோடெசிக் குவிமாடம் என்று இதற்குப் பெயர். செலவென்று பார்த்தால் ஸ்டேப்ளர் பின்னும் ஒட்டுநாடாவும்தான். ஒருவரால் தனியாகக் கட்ட முடியாது. ஒரு வளையம் மூடும்வரை யாராவது பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும் என்பதால் பிள்ளைகள் கூடி வேலை செய்யவும் பழகுகிறார்கள். இந்தப் பயிற்சியை நான் பெரிதும் மதிக்கிறேன். அதனால்தான் அது வழக்கமாக நடத்தப்படும் விதம் என்னை உறுத்துகிறது. தன்னிடம் உள்ள மிகச் சிறந்த பாடத்தை, அதாவது வளைவு எங்கிருந்து பிறக்கிறது என்ற கணக்கை, அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. தன்னால் நிரூபிக்க முடியாத ஒன்றை, இப்படியே மலிவாக வீடும் கட்டிவிடலாம் என்பதை, பிள்ளைகள் மனத்தில் விதைக்கிறது.

முதலில் கணக்கு. 65 குழல்களும் ஒரே நீளம் கிடையாது. 35 நீளமானவை, 30 குட்டையானவை. மாடத்தின் ஆரம் 1 மீட்டர் என்றால் நீளக் குழல் 61.8 செ.மீ., குட்டைக் குழல் 54.7 செ.மீ. நீளக் குழலை 71 செ.மீ. என்று வைத்தால் குட்டையது 62.8 செ.மீ. ஆகும். குறுக்களவு சுமார் 2.3 மீட்டர் வரும். செய்முறைத் தாள் இரண்டு நீளங்களையும் கொடுத்து, இரு வகைக்கும் இரு நிறம் பூசச் சொல்லி, எந்த முனையில் எது சேரும் என்று படமும் போட்டுக் காட்டிவிடும். பிள்ளைகள் படத்தைப் பார்த்துப் பிணைப்பார்கள். மாடம் நிற்கும். ஏன் இரண்டு நீளம் என்று யாரும் கேட்காமலே வேலை முடிந்துவிடும்.

இத்தனைக்கும் விடை பள்ளிக்கூட வடிவியலுக்கு எட்டாத ஒன்றில்லை. 20 சமபக்க முக்கோணங்களாலான ஐகோசஹீட்ரன் என்ற திண்மத்திலிருந்து இந்த மாடம் பிறக்கிறது. அதில் முனைக்கு முனை ஐந்து முக்கோணங்கள் சந்திக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு புதிய முனை வைத்து, ஒவ்வொரு முக்கோணத்தையும் நான்காகப் பிரித்தால், புதிய முனைகளில் ஆறு முக்கோணங்கள் கூடும். இப்போது எல்லாக் குழலும் ஒரே நீளம் என்று வைத்துப் பாருங்கள். ஐந்து கூடும் இடத்தில் கோணங்களின் கூட்டுத்தொகை 300 பாகை. முழு வட்டத்துக்கு 60 பாகை குறைவதால் அந்த இடம் கூராகக் குவியும். ஆறு கூடும் இடத்திலோ 360 பாகையும் நிரம்பிவிட்டது. குவிவதற்கு அங்கே எந்தக் காரணமும் இல்லை. ஆகவே மூலைகள் துருத்திக்கொண்டிருக்கும் பழைய ஐகோசஹீட்ரன்தான் கிடைக்கும், உருண்டை கிடைக்காது.

ஐந்து கூடும் முனைகளிலிருந்து கிளம்பும் 30 குழல்களை மட்டும் மேலே சொன்ன விகிதத்தில் குறைத்தால் நிலைமை மாறுகிறது. ஐந்து கூடும் முனையில் கூட்டுத்தொகை ஏறக்குறைய 344 பாகை, ஆறு கூடும் முனையில் ஏறக்குறைய 342. ஓரிடத்தில் 60, இன்னோரிடத்தில் சுழியம் என்று கிடந்த குறை, 16, 18 என்று எல்லா முனைகளுக்கும் பங்காகிவிட்டது. அந்தப் பங்கீட்டைத்தான் நம் கண் உருண்டை என்று காண்கிறது. முழுக் கோளத்தின் எல்லா முனைகளிலும் உள்ள குறையைக் கூட்டினால் 720 பாகை வரும். நீளங்களை எப்படி மாற்றினாலும் அந்த மொத்தம் மாறாது. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் கண்ட விதி இது. குட்டைக் குழலை 62.8-க்குப் பதில் 66 செ.மீ. என்று வெட்டிவிட்டால்கூட மாடம் மூடிக்கொள்ளும். ஆனால் பங்கீடு 325, 350 என்று சாய்ந்து, ஐந்து கூடும் இடங்கள் கூம்பிப்போகும். மூன்று சென்டிமீட்டர் தவறு எங்கே போய்த் தெரிகிறது என்பதைக் கையால் தடவிப் பார்த்தே அறியலாம். இவ்வளவு ஆழமான உண்மையை இவ்வளவு மலிவாகத் தொட்டுக் காட்டும் பொருள் வேறொன்றை நான் அறியேன். அதைத் தயார் எண்களுக்குள் புதைத்துவிடுவதுதான் இந்தப் பயிற்சியின் முதல் குறை.

இந்த விஷயத்தில் அரவிந்த் குப்தாவின் வழி எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியாளரான அவர், 1970-களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் வேலை செய்தபோது, தீக்குச்சிகளை சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்தார். ரப்பர் முனை எப்பக்கமும் வளையும். சதுரத்தைச் செய்தால் அது சரிந்து சாய்சதுரமாகும், முக்கோணத்தைச் செய்தால் அசையாது. விறைப்பு முனையால் வந்ததில்லை, வடிவத்தால் வந்தது என்பதில் அங்கே சந்தேகத்துக்கே இடமில்லை. செய்தித்தாள் மாடத்தில் அந்தத் தெளிவு கலங்கிவிடுகிறது. சுற்றிச் சுற்றி ஒட்டிய நாடா முனையையும் விறைப்பாக்கிவிடுவதால், எது எதைத் தாங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தக் கலக்கத்தோடேயே வலிமைச் சோதனையும் நடக்கிறது. மாடத்தின் உச்சியில் புத்தகங்களை அடுக்குவார்கள். பக்கத்தில் மூலைவிட்டக் குழல் இல்லாத காகிதக் கனசதுரம் ஒன்று சரிந்து கிடக்கும். உருண்டை வடிவமே வலிமை என்று முடிவு சொல்லப்படும். இது நியாயமான ஒப்பீடு இல்லை. கனசதுரத்தின் 12 விளிம்புகளோடு ஆறு முகங்களுக்கும் ஒவ்வொரு மூலைவிட்டக் குழல் சேர்த்தால், 18 குழல்களில் அதுவும் அசையாமல் நிற்கும். சதுரம் விழுந்ததும் மாடம் நின்றதும் முதலில் முக்கோணத்தின் காரியம். வளைவுக்கு உரிய பங்கு அதற்கு அடுத்தது.

குழலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்லிய குழலை அழுத்தினால் அது நசுங்குவதற்கு முன் வளைந்து மடங்கும். அந்த மடங்கும் சுமை நீளத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நீளம் இரட்டித்தால் தாங்கும் சுமை கால்வாசி. ஒரே ஆரத்தில், பிரிக்காத ஐகோசஹீட்ரனைவிட நான்காகப் பிரித்த மாடத்தின் நீளக் குழல்கூட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் தாங்குவது இதனால்தான். இன்னும் நுணுக்கிப் பிரித்தால் இன்னும் தாங்கும், ஆனால் மூன்று வகை நீளம், 165 குழல், 61 முனை என்று வேலை பெருகும், வெட்டுப் பிழையும் சேர்ந்து பெருகிக் கடைசி வளையத்தில் மூடாமல் நிற்கும். ஈரம் ஏறிய காகிதம் தளரும். சுமையை இறக்காமல் வைத்திருந்தால் நாளடைவில் குழல் தானே தொய்யும். ஒரு மணி நேரச் சோதனையில் இவை எதுவும் கண்ணில் படாது.

இந்த மாடத்தைப் புகழ்பெறச் செய்த அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரே இங்கே ஒரு நல்ல சாட்சி. 1948 கோடையில் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருந்த பிளாக் மவுண்டன் கல்லூரியில், ஜன்னல் மறைப்புகளுக்கான உலோகப் பட்டைகளைக் கொண்டு சுமார் 48 அடி அகல மாடம் ஒன்றை மாணவர்களோடு எழுப்பப் பார்த்தார். வீட்டுப் பொருள்தான். மழையில் நின்று எல்லா முனைகளையும் இணைத்தும் அது தரையை விட்டு எழவில்லை. கணக்கில் பழுதில்லை, பட்டைக்கு விறைப்பு போதவில்லை. மறு ஆண்டு 14 அடிதான், ஆனால் அலுமினியக் குழல். அதில் அவரும் மற்றவர்களும் தொங்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர் காப்புரிமை பெற்றது 1954-ல். அவருக்கு முன்பே 1920-களில் ஜெர்மனியின் யேனாவில், ஸைஸ் நிறுவனத்தின் வால்தர் பவர்ஸ்ஃபெல்ட் கோளரங்கத்துக்காக இதே வடிவியலில் இரும்புக் கம்பி வலை எழுப்பி, அதன்மேல் மெல்லிய கான்கிரீட் பூசியிருந்தார். அந்தப் பெயரையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

செய்முறைத் தாள்கள் தொடவே தொடாத இன்னொன்று அடித்தளம். கட்டி முடித்த மாடத்தை நால்வர் தூக்கி இடம் மாற்றும்போது அது நெளிந்து முட்டை வடிவாகும். ஒட்டியது சரியில்லை என்று மேலும் நாடா சுற்றுவார்கள். காரணம் ஒட்டில் இல்லை. ஒரு முனை நிலைத்து நிற்க மூன்று திசையிலும் கட்டு வேண்டும். முழுக் கோளத்தில் 42 முனை, 120 குழல். 42-ஐ மூன்றால் பெருக்கி, பொருள் முழுதாக நகர்வதற்கும் சுழல்வதற்கும் உரிய 6-ஐக் கழித்தால் தேவை 120. இருப்பதும் 120, ஆகவே அது விறைப்பு. இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1864-ல் வகுத்த எண்ணிக்கை முறை இது. அதைப் பாதியாக வெட்டினால் 26 முனைக்குத் தேவை 72, இருப்பது 65. ஏழு போதவில்லை. அடி முனைகள் பத்தும் தரையில் படிந்திருந்தால் தரை பத்துக் கட்டுகளைத் தருகிறது. அப்போது தேவையும் இருப்பும் 75 என்று அச்சாகப் பொருந்தும். ஒரு குழலுக்குக்கூட மிச்சம் இல்லை. வாசலுக்காக ஒன்றை வெட்டினால் மாடம் தளரும். முனைகளைத் தரையில் முளையடித்துக் கட்டிவிட்டால், மீதி 16 முனைக்குத் தேவை 48, அவற்றைத் தாங்கும் குழல்கள் 55. இப்போதுதான் ஏழு மிச்சம். அரை மாடத்தின் விறைப்பில் பாதி தரைக்குச் சொந்தம். இவ்வளவு இலேசான கூடு காற்றில் மேலெழும்பப் பார்க்கும் என்பதால், வெளியில் எழுப்புகிறவர்களுக்கு இது வெறும் கணக்கும் இல்லை.

வீடு என்ற கனவை 1960-களிலேயே அமெரிக்க இளைஞர்கள் வாழ்ந்து பார்த்துவிட்டார்கள். 1965-ல் கொலராடோ மாநிலத்து டிரினிடாட் அருகே டிராப் சிட்டி என்ற குடியிருப்பில், உடைந்த கார்களின் கூரைத் தகட்டைக் கோடாலியால் வெட்டி மாடங்கள் கட்டினார்கள். ஃபுல்லர் அவர்களுக்கு விருதளித்துப் பாராட்டினார். 1970-களிலேயே அந்த இடம் வெறிச்சோடிப்போனது. அதைவிட என்னை யோசிக்க வைத்தவர் லாயிட் கான். 1970, 1971 ஆண்டுகளில் மாடம் கட்டும் வழிகாட்டிகளை வெளியிட்டு ஒரு தலைமுறையை இதில் இறக்கியவர் அவர். நன்றாக விற்றுக்கொண்டிருந்த நூலைத் தானே நிறுத்திவிட்டு, 1973-ல் ‘ஷெல்டர்’ என்ற நூலில் உலகெங்கும் மக்கள் மண்ணாலும் மரத்தாலும் கட்டிய வீடுகளின் பக்கம் திரும்பினார்.

அவர் கண்ட குறைகள் காகித மாடத்தில் தெரியாது, ஏனென்றால் காகித மாடத்துக்குத் தோல் கிடையாது. 40 முக்கோணங்களையும் பலகையால் மூடினால் 55 மூட்டுவாய்கள், ஒவ்வொன்றும் மழை இறங்கும் வழி. ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் கவிந்து நீரை வழியவிடும். தாழ்வாரம் அதைச் சுவரைவிட்டுத் தள்ளி விழச் செய்யும். மாடத்தில் கூரையே சுவர். உச்சிக்கருகில் மூட்டுகள் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும், வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி அடைப்புப் பசையைப் பிளக்கும். செவ்வகப் பலகையில் முக்கோணம் வெட்டினால் துண்டுகள் வீணாகும். பீரோவும் கட்டிலும் வளைந்த சுவரோடு ஒட்டாது. கூட்டின் வெற்றி வேறு, தோலின் வெற்றி வேறு என்பதற்குக் கனடாவின் மான்ட்ரியல் சான்று. 1967 உலகக் கண்காட்சிக்காக அங்கே எழுந்த 76 மீட்டர் அகல மாடத்தின் அக்ரிலிக் போர்வை 1976 மே மாதத் தீயில் எரிந்து தீர்ந்தது. எஃகுக் கூடு இன்றும் நிற்கிறது.

மாடத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும், குறைந்த பரப்பில் நிறைந்த கொள்ளளவு என்ற வாதம் கணிதப்படி சரி. ஆனால் ஓரத்தில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத கொள்ளளவையும் அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்கிறது. கோளரங்கம், கண்காட்சிக்கூடம், கருவிகளை மூடும் கூடு போன்ற, நடுவில் தூணில்லாத பெரிய வெளி தேவைப்படும் இடங்களில் இந்த வடிவம் இணையற்றது. நாலு பேர் குடும்பம் நடத்தும் வீட்டுக்கு அந்தத் தேவையே இல்லை.

ஆசிரியர்கள் இந்தப் பயிற்சியைக் கைவிட வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். முதலில் எல்லாக் குழலையும் ஒரே நீளத்தில் கொடுத்து, ஏன் உருண்டை வரவில்லை என்று பிள்ளைகளையே கேட்க வேண்டும். எந்த 30 குழல்களைக் குறைப்பது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு மாடத்தைத் தூக்கச் சொல்லி நெளிவதைக் காட்டி, தரையில் கட்டி, மீண்டும் அசைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதே எடைக் காகிதத்தில் மூலைவிட்டம் போட்ட 18 குழல் கனசதுரம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டின்மேலும் மணல் பைகளை ஏற்றி, எந்தக் குழல் எந்த எடையில் முதலில் மடங்கியது என்று எழுதி வைக்கலாம். கடைசியில் ஈரத்துணியைப் போர்த்தி ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் அதே பைகளை மறுபடி ஏற்ற வேண்டும்.