சொல்லும் முழவும்: நிக்கெட்டியாவின் ஆய்வுநெறி

ஓர் அறிஞரின் தகுதியை அவர்தம் நூல்களுள் மிகுதியும் பயிலப்பெறும் ஒன்றனை வைத்தே அளத்தல் உலக வழக்கு. கானா நாட்டு இசையறிஞரும் பாட்டமைப்பாளருமாகிய குவாபெனா நிக்கெட்டியா (1921–2019) இவ்வழக்கிற்கு ஆட்பட்டவருள் ஒருவர். 1974-இல் வெளிவந்த ‘ஆப்பிரிக்க இசை’ என்னும் நூல் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பாடமாயிற்று. அதனால் ஒரு கண்டத்தின் இசையை வகைதொகை செய்தவர் என்றே அவர் பெரிதும் அறியப்படுகின்றார். இக்கருத்துப் பிழையன்று, ஆயின் வேரை விட்டு நுனியைப் பற்றுவதாகும். அவர்தம் ஆராய்ச்சிக்கு வேர் மொழியே என்பதும், அவ்வேரினின்று நீங்குமிடத்து அவர் எழுத்து வலிகுன்றுகின்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அசாந்திப் பகுதியின் மாம்போங்கிற் பிறந்த நிக்கெட்டியா, அக்குரொப்போங் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பயின்றார். பேசல் மறைபரப்புச் சங்கத்தார் 1848-இல் நிறுவிய கல்லூரி அது. துவி மொழியிற் பெயர்க்கப்பட்ட கிறித்தவப் பாடல்கள் ஐரோப்பிய மெட்டுக்களிற் பாடப்பெற்ற சூழல் அவருடையது. துவியோ எடுத்தலோசை, படுத்தலோசை என்பவற்றாற் பொருள் வேறுபடும் மொழி; ஓசை மாறின் சொல்லே மாறும். ஐரோப்பிய மெட்டு, சொல் யாதாயினும் தன் போக்கிலேயே ஏறியிறங்குவது. எனவே தொழுவார் வாயிற் சொற்கள் தம் இயல்பான ஓசையை இழந்தன. இக்குறையை உணர்ந்து, சொல்லின் ஓசைக்கேற்ப மெட்டமைத்த முன்னோடி எப்பிராயிம் ஆமு (1899–1995). அக்கல்லூரியில் ஆசிரியராயிருந்த அவர், நாட்டு உடையணிந்து மறையுரை நிகழ்த்தியமை முதலாய காரணங்களால் 1933-இல் விலக்கப்பெற்றார். நிக்கெட்டியா 1937-இல் மாணவராய்ப் புக்கபோது ஆமு அங்கு இலர். அவர் பாடல்கள் இருந்தன.

1944-இல் லண்டன் சென்ற நிக்கெட்டியா, ஆங்குக் கீழைநாட்டு ஆப்பிரிக்கக் கல்விக் கழகத்தில் மொழியியலறிஞர் ஃபெர்த்தின் தொடர்பைப் பெற்றார். சொல்லின் பொருளை அது வழங்கும் சூழலில் வைத்தே காணல் வேண்டும் என்பது ஃபெர்த்தின் கொள்கை. பின்னர் நிக்கெட்டியா எழுதிய ஆய்வுகளில் இக்கொள்கையின் சாயல் தெளிவாக உண்டு. இசைக்கல்வி அவருக்கு இதன் பின்னரே முறையாக வாய்த்தது. 1952-இல் கோல்டு கோஸ்ட் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆய்வாளராய் அவர் அமர்ந்ததும் இசைத்துறையின்கண் அன்று, சமூகவியற் பிரிவின்கண் என்பது நோக்கத்தக்கது.

அப்பணியின் முதற் பெரும்பயன், ஆக்கான் மக்களின் இறப்புப் பாடல்கள் பற்றி 1955-இல் வந்த நூல். இப்பாடல்களை ஒப்பாரி எனல் பொருள் எளிதின் விளங்குதற்பொருட்டே. இரண்டும் ஒன்றென்பது கருத்தன்று. இவை பெண்டிர் பாடுவன. முன்னோர், இறந்தார், அவர்தம் ஊர், பாடுவாள் கூறும் எண்ணமும் செய்தியும் என நால்வகைப் பொருள் இவற்றின்கண் பயில்வதை நிக்கெட்டியா பிரித்துக் காட்டினார். பாடுவாள் துயரத்தால் வாய்க்கு வந்தன சொல்கின்றாள் எனப் புறநாட்டார் எண்ணக்கூடும். அவளோ குடிவழியாக வந்த பெயர்களையும் அடைகளையும் அறிந்து, இறந்தார் எக்குடியினர் என்பதற்கேற்பத் தொடுக்கின்றாள். மரபு கொடுத்த தொடரும், அவ்விடத்து அவள் கூட்டும் தொடரும் ஒரு பாட்டினுள் அடுத்தடுத்து நிற்கின்றன. இறந்தாரிடம் தனக்கு ஏதேனும் அனுப்புமாறு வேண்டும் பகுதி இவற்றுள் உருக்கம் மிக்கது. ஆயின் அவ்வேண்டுகோளும் மரபின் வடிவே. அவ்வடிவினுள்ளேதான் ஒருத்தியின் தனித்துயர் நுழைய இடம் பெறுகின்றது. அந்நூலை வாய்மொழி இலக்கியத் திறனாய்வு என்று கொள்ளுதலே பொருத்தம். விம்மலும் இடைநிறுத்தமும் அச்சடிகளில் அடங்கா என்று குறைகூறலாம். அது வாய்மொழியை ஏட்டிலேற்றும் எந்நூலுக்கும் உரிய குறை.

1963-இல் வந்த ஆக்கான் முழவு பற்றிய நூலில் இந்நெறி முழுமை பெற்றது. முழவு வாசிப்பை அவர் குறியறிவிக்கும் முறை, பேசும் முறை, ஆடலுக்குரிய முறை என மூன்றாக வகுத்தார். அட்டும்பான் என்னும் இணைமுரசில் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் ஒலிக்கும். அவ்விரண்டே துவியின் எடுத்தலும் படுத்தலும் ஆகின்றன. உயிரும் மெய்யும் முரசில் ஒலியா. ஒரே ஓசைவடிவுடைய சொற்களோ பல. எனவே தனிச்சொல் ஐயந்தரும். நீண்ட மரபுத்தொடராக விரித்து இசைத்தால் ஐயம் நீங்கும். கேட்போர்க்கும் அத்தொடர்கள் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். ஆப்பிரிக்க இசை தாளமேயன்றிப் பிறிதில்லை என்றார்க்கு இதனினும் நல்ல மறுப்பு இல்லை எனலாம். அவர் தாளம் எனக் கேட்டதன் ஒரு கூறு செய்யுளாக இருந்தது.

1974-ஆம் ஆண்டு நூலுக்கு வருவோம். சமூகப் பின்னணி, கருவிகள், அமைப்புகள், சார்ந்த கலைகள் என்பன அதன் நான்கு பகுதிகள். விடுதலை பெற்ற நாடுகள் தம் கலையைத் தாமே எடுத்துரைக்க வேண்டிய காலத்தில் அத்தகைய நூல் தேவையாயிற்று. 1965 முதல் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராயிருந்த அவரே அதற்கு ஏற்றவர். ஆயினும் ஒரு பக்கத்திலேயே பல இனத்தாரின் சான்றுகள் வந்து செல்கின்றன. பாடியவர் யார், எச்சொல்லைப் பாடினார் என்பன மறைந்து, ‘அமைப்பு’ மட்டும் எஞ்சுகின்றது. பேச்சும் இசையும் உறவாடுவது பற்றிய பகுதியிலேதான் பழைய நிக்கெட்டியா மீள்கின்றார். மெட்டுச் சொல்லின் ஓசையைத் தழுவும், ஆயினும் அதற்கு அடிமையாகாது என்று அவர் ஆங்குக் காட்டுவது ஆமுவின் கண்டிப்பை ஒருவாறு தளர்த்துவதுமாகும்.

இத்தளர்ச்சி அவர்தம் படைப்புகளை நோக்குதற்கும் உதவும். பியானோவுக்கென அவர் இயற்றிய பன்னிரண்டு பயிற்சிக் கோவைகள் 1994-இல் தொகுப்பாக வெளிவந்தன. அவற்றில் சொல் இல்லை. எனின் மொழியே வேர் என்ற துணிபு என்னாம்? அவற்றுட் சில, டகார்ட்டி, பில்சா ஆகிய வடபுலத்து மக்களின் தொழிற்பாட்டுப் பெயர் தாங்குவன. ஒவ்வொன்றன் கீழும் ஒரு பாட்டு உண்டு என்பதைத் தலைப்பே நினைவூட்டுகின்றது. ஆயின் அப்பாட்டின் மொழி நிக்கெட்டியாவின் தாய்மொழி அன்று. துவியின் ஓசைக்கட்டு ஆங்கு அவரைப் பிணிக்கவில்லை. இவை அவ்வுரிமையாற் பிறந்த இசை. ஆராய்ச்சி நூல்களிற் காணப்பெறும் இறுக்கம் இவற்றில் இல்லை.